வராத ரத்தம்

"யாருடி அவன்? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

காலை டீ ஆறுவதற்குள் மகன் ஆரம்பித்துவிட்டான். கல்யாணமாகி நாலு மாதம். ஒரு நாள் விடாமல் இதே கேள்விதான். முதலிரவு விரிப்பில் ரத்தக்கறை இல்லையாம். அன்று பிடித்த பொறாமை அவனை அரித்துத் தின்றது. கம்பவுண்டர், பஸ் கண்டக்டர், கூடப் படித்தவன்... எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்தாயிற்று.

பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த மருமகள், யூனிஃபார்மை இஸ்திரி போட்டபடியே நிமிர்ந்தாள்.

"எத்தனை தடவைங்க சொல்றது? கன்னித்திரைங்கிறது ஓரமா இருக்கிற வெறும் சவ்வு. விரிஞ்சு கொடுக்கும். நிறையப் பேருக்கு ரத்தமே வராது. எந்த டாக்டராலயும் அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது!"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மாமனார் செருமினார். "உங்கம்மா எப்படி வந்தா தெரியுமாடா? சொக்கத் தங்கம்!"

அடுப்படியில் தாய்க்கு உடம்பு கூசியது. முப்பத்திரண்டு வருஷமாக அந்தப் பட்டத்தைச் சுமப்பவள் அவள். உள்ளதை உள்ளபடி சொல்ல இந்தச் சின்னப் பெண்ணுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது? தாய்க்கும் பொறாமைதான். அந்தப் பொறாமையில்தான் நாலு மாதமும் வாயைத் திறக்கவில்லை.

மகன் மருமகளின் கைப்பையைப் பிடுங்கி எறிந்தான். "இனி வேலைக்குப் போகக் கூடாது!"

தாய் ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"நிறுத்துடா! எனக்கும்தான் வரலை அன்னைக்கு..."

செய்தித்தாள் சரிந்தது. "என்னடி உளர்றே?"

"உளறலைங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தன் விரல்கூட என்மேல பட்டதில்லை. ஆனா ரத்தம் வரலை. எங்கக்காவை இதுக்காகவே திருப்பி அனுப்பிட்டாங்க... அந்தப் பயத்துல, நீங்க தூங்கினப்புறம் உடைஞ்ச வளையலால குதிகாலைக் கீறி விரிப்புல தேய்ச்சேன்!"

"இத்தனை வருஷமா என்னை ஏமாத்தினியா?"

"ஆமாங்க. நிஜத்தைச் சொல்லியிருந்தா என்னை வெச்சு வாழ்ந்திருப்பீங்களா?"

அவர் சரிந்த செய்தித்தாளை எடுத்து மடித்து வைத்தார்.

தாய் மகன் பக்கம் திரும்பினாள். "இப்போ கேளுடா... யாரும்மா அவன்னு என்னையும் கேளு!"

"ஐயோ, அம்மா..." மகன் முகத்தைப் பொத்திக்கொண்டான். பிறகு குனிந்து பையை எடுத்து மனைவியிடம் நீட்டினான். "என்னை மன்னிச்சுடு..."

அவள் பையை வாங்கிக்கொண்டாள். "சாயங்காலம் பேசலாம். இப்போ டியூட்டிக்கு நேரமாச்சு."

தாய்க்கு அதற்குமேல் தாங்கவில்லை. "நாலு மாசம் உன்னை அழவிட்டு வேடிக்கை பார்த்தேனேடி..."

மருமகள் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். "நீங்க முப்பத்திரண்டு வருஷம் தனியா அழுதிருக்கீங்களே, அத்தை!"