கேமரா பிடித்தவர்

கைதட்டல் கேட்டது. ஆனால் திரையில் யாரும் கைதட்டவில்லை.

டீச்சர் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். ஏழாம் வகுப்புக்கு வீடியோ வேலை கொடுத்த நாளிலிருந்து அவள் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்ன பாடம் ஒன்றுதான்: ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஒருமுறை கைதட்டுங்கள், அப்போதுதான் பிறகு சத்தத்தையும் படத்தையும் சேர்த்துப் பொருத்த முடியும். மற்ற குழுக்கள் அதைக் காற்றில் பறக்க விட்டிருந்தன. அவளுடைய மகள் சிட்டு இருந்த குழு மட்டும் ஒழுங்காகச் செய்திருந்ததில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட. இந்தக் காட்சியில் குழுவின் நான்கு பெண்களும் நடைகூடத்தில் மேசை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எட்டுக் கைகளும் மேசையில் இருந்தன. கேமரா பெரியவர் ஒருவரின் உயரத்தில், அவர்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நகர்ந்தது.

குழுவில் இருப்பதே நான்கு பேர்தான். வாட்ச்மேனைத் தாஜா செய்து எடுக்கச் சொல்லியிருக்கும் வாலுகள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒலிப்பதிவு அறை என்று பெயர்தான் பெரிது. ஜன்னல் இல்லாத பழைய சாமான் அறை அது. வெளிச்சத்தம் வராமலிருக்கப் பிள்ளைகள் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள், பசை வாடை இன்னும் போகவில்லை. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது என்பதால் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைப்பது வழக்கம். சனிக்கிழமை சாயங்காலம், பள்ளியில் ஈ காக்கை இல்லை. அப்போதுதான் அந்தச் செங்கல், யாரோ காலால் தள்ளுவதுபோல, சிமெண்டுத் தரையில் மெதுவாக உராய்ந்து நகர்ந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

தட்டினாள். கத்தினாள். முட்டை அட்டைகள் எல்லாவற்றையும் விழுங்கின. வாட்ச்மேனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. வீட்டில் தனியாக இருந்த மகளைக் கூப்பிட்டாள்.

"சிட்டு, மேசை தூக்கிட்டு வர்ற காட்சிக்கு கேமரா பிடிச்சது யாரு?"

"நீதானேம்மா."

"நான் அன்னிக்கு காய்ச்சல்ல வீட்ல படுத்திருந்தேன்டி."

"மத்தியானம் வந்தியே. ஒரு வார்த்தைகூட பேசல. தொண்ட கட்டிக்கிச்சு போலன்னு நாங்களும் விட்டுட்டோம்." சிட்டு சிரித்தாள். "அது சரி, அடுப்படில நின்னுக்கிட்டு எதுக்கும்மா எனக்கு போன் பண்ற?"

டீச்சர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நான் ஸ்கூல்ல இருக்கேன். கதவத் தொறந்துக்கிட்டு வெளிய ஓடு. பக்கத்து வீட்டுக்குப் போ."

"விளையாடாதம்மா. இப்பதான வந்த. எட்டிப் பாத்தேன், நின்னுட்டிருந்த."

கண் தானாகத் திரைக்குப் போனது. முடிந்திருக்க வேண்டிய வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பள்ளி நடைகூடம் இல்லை. ஓர் அடுப்படி. அவளுடைய அடுப்படி. காலையில் அவள் கழுவாமல் விட்டு வந்த குக்கர். கேமரா அங்கிருந்து மெல்ல நகர்ந்தது. கூடத்துக்கு வந்தது. சோபாவில் சிட்டு. முதுகு மட்டும். காதில் போன்.

"சிட்டு, ஓடு!"

திரையில் சிட்டு தலையைச் சொறிந்தாள். "ஏம்மா இப்படிக் கத்துற?" என்றது போன்.

கேமரா நெருங்கியது. பின்னல் தெரிந்தது. காலையில் அவளே கட்டிவிட்ட நீல ரிப்பன். இரு பக்கத்திலிருந்தும் இரண்டு கைகள் படத்துக்குள் நீண்டன. இடது கையில் டீச்சரின் கைக்கடிகாரம். அவள் தன் கையைப் பார்த்தாள். கடிகாரம் அவள் கையிலும் இருந்தது.

கேமரா ஆடவே இல்லை.

கைகள் ஒருமுறை தட்டின.

போனிலும் திரையிலும் ஒரே சத்தம். இம்மி பிசகாமல் பொருந்தியது.

சிட்டு திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. போனை அணைத்து சோபாவில் போட்டுவிட்டு, கேமராவைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.