ஆட்டுத்தோலில் ஒரு தெரு!

"ஐயோ...! ஜோனதன் சார்...!"

ஃபீபி போட்ட அலறலில், மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸ்களைத் தியாகம் செய்தார்.

அறைக்குள் பேராசிரியர் ஜோனதன் தரையில் கிடந்தார். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. நெற்றியில் ரத்தம். மூக்குக்கண்ணாடி ஸ்கேனருக்கு அடியில் கிடந்தது.

போய்விட்டாரா...?

இல்லை. முனகினார்.

"பத்திரம்... தோல் பத்திரம்..."

ஃபீபி திரும்பி இரும்பு அலமாரியைப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. பூட்டு உடையவில்லை. உள்ளே இருந்த நீளமான அட்டைப்பெட்டி...

காலி!

இந்த முறை அவள் அலறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அழாமல் என்ன செய்வாள்? போனது வெறும் பத்திரம் இல்லை. அவள் பிறந்து வளர்ந்த தெரு!

*

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். ஆம்பூர். ஊரே தோல் வாசனையில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்க, பஜார் மாடி ஒன்றில் ஏசி போட்ட இரண்டு அறைகளில் 'பாலாறு மின் ஆவணக் காப்பகம்' இயங்கிக்கொண்டிருந்தது. தோல் பதனிடும் டேனரிகளின் பழைய காகிதங்கள், சர்ச் பதிவுகள், நவாப் காலத்து சாசனங்கள்... எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் ஏற்றுவது வேலை. எந்த நாட்டில் இருக்கும் ஆராய்ச்சி மாணவனும் படுக்கையில் படுத்துக்கொண்டே படிக்கலாம். ஜோனதன் இயக்குநர். ஃபீபி ஸ்கேன் செய்பவள். சம்பளத்தைப் பற்றி அவளிடம் கேட்காதீர்கள். பாவம்.

"ரூம் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

கேட்டது இன்ஸ்பெக்டர் பொன்மலர். பக்கத்தில் ஏட்டு ஆரோக்கியசாமி. ரிட்டயர்மென்ட்டுக்குக் காத்திருக்கும் தொப்பை.

"என்கிட்ட ஒண்ணு, சார்கிட்ட ஒண்ணு மேடம்."

நெற்றியில் பஞ்சை அழுத்திக்கொண்டே ஜோனதன் பேசினார்.

"முகமூடி போட்ட ரெண்டு பேர் மேடம். அடிச்சாங்க... கட்டிப் போட்டாங்க. அதுல ஒருத்தன்... சொல்றதுக்கே கஷ்டமா இருக்கு... 'ஃபீபி சொன்ன பெட்டி இதாண்டா'ன்னான்!"

"சார்!" ஃபீபி எழுந்துவிட்டாள். "நானா...? நான் எதுக்கு சார் அத எடுக்கப் போறேன்?"

"அத போலீஸ் பாத்துக்கும்மா." ஜோனதன் வேறு பக்கம் பார்த்தார்.

அவரை நர்சிங் ஹோமுக்கு அனுப்பிவிட்டு, பொன்மலர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அழுது முடிச்சிட்டியா? இப்போ சொல்லு. அப்படி இன்னா இருக்கு அந்தப் பத்திரத்துல?"

"எங்க தெரு மேடம். ரோலர் தெரு. அந்தக் காலத்துல பென்ஃபோல்டுன்னு ஒரு துரை இங்க டேனரி வச்சிருந்தாரு. அவர்கிட்ட வேல பாத்தவங்களுக்கு அந்த நிலத்த எழுதிக் குடுத்துட்டுப் போய்ட்டாரு. சீமையிலேர்ந்து வந்த ஆட்டுத்தோல்ல எழுதின பத்திரம். சர்ச் பீரோவுல கெடந்துச்சு. ஸ்கேன் பண்ணும்போது நான்தான் கண்டுபுடிச்சேன்."

"இப்போ அந்த டேனரி யாரோடது?"

"சம்பத் சாரோடது. தெருவும் தன்னுதுதான்னு கேஸ் போட்டிருக்காரு. வேலூர் கோர்ட்ல நாளைக்கு ஒரிஜினல காட்டணும். காட்டலன்னா புல்டோசர் வந்துரும் மேடம்!"

"ஸ்கேன் பண்ணி வச்சிருக்க இல்ல?" ஆரோக்கியசாமி குறுக்கிட்டார். "அத காட்டிட்டுப் போயேன்."

"இன்டர்நெட்லயே இருக்குது சார். ஜெர்மனிலேர்ந்து ஒருத்தர் படிச்சிட்டு மெயில் கூட போட்டாரு. ஆனா கோர்ட்ல செல்லாதுன்னு எங்க வக்கீல் முத்துமாரி மேடம் சொல்லிட்டாங்க. ஒரிஜினல் இருக்கும்போது நகல தொடவே மாட்டாங்களாம். தொலஞ்சு போச்சுன்னு சும்மா சொன்னாலும் எடுபடாதாம். நீங்களே ஒளிச்சு வச்சிட்டு நடிக்கிறீங்கன்னு எதிர்க்கட்சி வக்கீல் கேப்பாராம்."

"அதுக்குத்தான் உன் பேர இழுத்து விட்டிருக்காங்க."

பொன்மலர் எழுந்து அறையைச் சுற்றினாள். பார்த்த பொருளை எல்லாம் தொட்டாள். தொட்டதை எல்லாம் குலுக்கினாள். அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய். மேலே எண் ஒட்டி, அதே எண் எழுதிய கொக்கியில் ஒழுங்காக மாட்டப்பட்டிருந்தது.

"இது இன்னா?"

"பெரிய மேப், பத்திரம்லாம் வெளிய எடுத்துட்டுப் போறதுக்கு. சுருட்டி உள்ள வச்சிப்போம். வேல முடிஞ்சா அதே கொக்கியில மாட்டிரணும். எடுத்தத எடுத்த எடத்துல வைக்கலன்னா சார் ஆடித் தீத்துருவாரு."

பொன்மலர் மூடியைத் திறந்து மேஜையில் தட்டினாள்.

பொல பொலவென்று கொட்டியது, அழுக்கு உப்பு. நடுவே நாலைந்து கறுப்பு மயிர்!

ஆரோக்கியசாமி குனிந்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார்.

"மண்டி உப்பு மேடம்! தோல் மண்டியில பச்சத் தோல் அழுகாம இருக்கத் தடவுவாங்க. மயிரு ஆட்டோடது."

"இந்த டியூப்ப கடைசியா எப்போ கழுவுன?"

"வெள்ளிக்கிழம சாயங்காலம் துடைச்சு வச்சேன் மேடம். சனிக்கிழம நான் லீவு. சார் மட்டும்தான் வந்தாரு. பச்சத் தோல் வாங்கி விக்கிற சத்தார் பாய் மண்டிக்குப் போய், பழைய தோல் வியாபாரம் பத்தி அவர் பேச்ச ரெக்கார்ட் பண்ணனும்னாரு..." ஃபீபியின் குரல் பாதியில் நின்றது. "மேடம்... சாரா?"

"நான் பன்னண்டு ஸ்டேஷன் பாத்துட்டேன்." பொன்மலர் சிரித்தாள். "மண்டைய உடைச்சி, பத்திரத்த டியூப்ல போட்டு எடுத்துட்டுப் போயி, திரும்பி வந்து டியூப்ப நம்பர் பாத்து மாட்டிட்டுப் போற ரவுடிய இன்னும் பாக்கல. திருட்டு சனிக்கிழமையே முடிஞ்சிருச்சு. நெத்தியில தானே அடிச்சிக்கிட்டு, சுருக்குக் கயித்துல கைய விட்டுக்கிட்டு... இன்னைக்கு நடந்தது டிராமா!"

"அப்போ அரெஸ்ட் பண்ணிருங்க மேடம்!"

"உப்ப வச்சி அரெஸ்ட் பண்ணா ஊரே சிரிக்கும். பத்திரம் இருக்கற எடத்த அவர் வாயாலயே சொல்ல வைக்கணும். ஏட்டய்யா, சத்தார் பாய நர்சிங் ஹோமுக்கு வரச்சொல்லுங்க."

*

நர்சிங் ஹோம் வராந்தாவில் சத்தார் பாய் நின்றிருந்தார். தாடியும் தொப்பியும் வெள்ளை. கையில் ஆற்காடு மக்கன் பேடா டப்பா. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போகக்கூடாது அல்லவா?

"பாய், உள்ள வந்து ஒரு சின்ன பொய் சொல்லணும்." பொன்மலர் குரலைத் தாழ்த்தினாள். "மண்டியில இருந்த தோல் எல்லாம் டேனரிக்குப் போயிருச்சுன்னு."

"தௌபா தௌபா! நான் ஹஜ் போய் வந்தவன் இன்ஸ்பெக்டரம்மா. பொய்யி சொல்ல மாட்டேன்."

"சரி, பொய் வேணாம். நான் கேக்கறதுக்கு பதில் சொன்னா போதும்."

உள்ளே ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, ஜோனதன் கண்ணை மூடிக்கொண்டு அநியாயத்துக்கு நோயாளியாகப் படுத்திருந்தார்.

"எப்படி இருக்கீங்க சார்? பாய் உங்கள பாக்க வந்திருக்காரு." பொன்மலர் உட்கார்ந்தாள். "அப்புறம் பாய்... வியாபாரம் எப்படி? மண்டியில சரக்கு ஜாஸ்தியா?"

"சரக்கா? மண்டி காலி! காலைலயே லோடு ஏத்தி அனுப்பிட்டேன். இந்நேரம் எல்லாத் தோலும் டேனரி டிரம்ல தண்ணியோட சுத்திக்கிட்டிருக்கும்."

பொன்மலர் மனதுக்குள் கை தட்டினாள். என்னமாய் நடிக்கிறார் மனுஷன்!

ஜோனதன் கண்ணைத் திறந்தார்.

"எல்லாத் தோலுமா...?"

"எல்லாம்தான் சார்."

"மூலையில இருந்த அடுக்கு? அடியில இருந்த தோலு...?"

"அடி இன்னா, நுனி இன்னா? கூட்டித் தள்ளியாச்சு."

ஜோனதன் எழுந்தார். ஊசியைப் பிடுங்கினார். ட்ரிப்ஸ் ஸ்டாண்டு தடாலென்று சாய்ந்தது.

"அடப்பாவி! அதுக்குள்ள... அதுக்குள்ள..."

"அதுக்குள்ள இன்னா சார்?" பொன்மலர் மக்கன் பேடா டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். "சொல்லுங்க. பொறுமையா கேக்கறேன்."

அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. பிறகு, கதவருகில் நின்ற ஃபீபியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"சம்பத்... சம்பத்துதான் கேட்டான். பத்திரத்த அவன் கையால கொளுத்தினாத்தான் காசு தருவேன்னான். இன்னைக்கு ராத்திரி பாக்கறதா பேச்சு. வீட்டுல வச்சா நீங்க தேடுவீங்க. அதான்... தோலோட தோலா வச்சா எவன் கண்டுபுடிப்பான்னு..."

"எங்க தெருவுல பாதிப்பேரு உங்கள கும்புடுறாங்க சார்." ஃபீபி கட்டிலருகே வந்தாள். "எங்கம்மா கிறிஸ்துமஸுக்கு மொத பலகாரம் உங்களுக்குத்தானே குடுத்து விடும்?"



"ஏட்டய்யா, விலங்கு!" பொன்மலர் எழுந்தாள். "பாய், பிரமாதமா நடிச்சீங்க. வாங்க, மண்டிக்குப் போய் பத்திரத்த எடுத்துரலாம்."

சத்தார் பாய் திருதிருவென்று விழித்தார்.

"நடிச்சேனா? நான்தான் பொய்யி சொல்ல மாட்டேன்னு சொன்னேனே! நிஜமாவே போய்டுச்சும்மா!"

பேடா பொன்மலரின் தொண்டையில் சிக்கியது.

"எந்த டேனரிக்கு...?"

"சம்பத் டேனரிக்கு."

*

விலங்கு மாட்டிய ஜோனதனையும் சத்தார் பாயையும் ஏற்றிக்கொண்டு ஜீப் பைபாஸில் பறந்தது. ஃபீபி வாய்க்குள் ஜெபம் செய்துகொண்டே வந்தாள்.

சம்பத் டேனரியில் ஆள் உயரத்துக்கு மேல் இருந்த மர டிரம்கள் கட கடவென்று உருண்டுகொண்டிருந்தன.

"நிறுத்து! நிறுத்துய்யா!"

டிரம் நின்றது. கதவைத் திறந்ததும் தண்ணீரும் தோலுமாகத் தரையில் சரிந்தன. ஃபீபி செருப்போடு அதற்குள் இறங்கிவிட்டாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மயிர்த்தோல்... மயிர்த்தோல்... மயிர்த்தோல்...

இது...?

மயிர் இல்லாத ஒரு தோல். ஊறி, சுருங்கி, கொழகொழவென்று கிடந்தது. மேல் விளிம்பு மட்டும் அலை அலையாக வெட்டப்பட்டிருந்தது. அந்தக் காலத்துப் பத்திரங்களின் அடையாளம். ஸ்கேன் செய்தபோது ஃபீபி விரலுறையோடு தடவிப் பார்த்த அதே விளிம்பு!

எழுத்து...?

ஒரு எழுத்து இல்லை. துரை இல்லை. கையெழுத்து இல்லை. தெரு இல்லை.

பத்திரம் எழுதும் தோலைப் பதனிடுவதில்லை. சுரண்டி, இழுத்துக் காயவைப்பதோடு சரி. மண்டி ஆட்களுக்கு அது இன்னொரு பச்சைத் தோல். அவர்கள் மேல் தப்பே இல்லை. ஆம்பூரில் பச்சைத் தோலைப் பார்த்தால் ஊறப்போடத்தான் செய்வார்கள்.

"இன்னா மேடம், போலீஸ்லாம் நம்ம எடத்துல...?"

வெள்ளைச் சட்டையில் சம்பத். விலங்கோடு நின்ற ஜோனதனைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்தார். ஃபீபியின் கையில் இருந்ததைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. வாய்விட்டுச் சிரித்தார்!

"போச்சா? என் டிரம்லயே போச்சா? அடேங்கப்பா! என்மேல என்ன கேஸ் வேணா போட்டுக்குங்க மேடம். ஜாமீன்ல வர்றேன். ஆனா தெரு எனக்குத்தான்!"

ஃபீபி அந்தத் தோலை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆரோக்கியசாமியின் செல்போன் அலறியது.

"வக்கீல் முத்துமாரி. வர்ற வழியில வெவரம் சொன்னேன்." போனைப் பொன்மலரிடம் நீட்டினார். பொன்மலர் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் புருவம் உயர்ந்தது. ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஃபீபி, அழறியா? நிறுத்து!" முத்துமாரியின் குரல் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "ஒரிஜினல் அழிஞ்சிருச்சா? நிச்சயமா?"

"வெள்ளையாயிடுச்சு மேடம்... ஒரு எழுத்து கூட இல்ல..."

"ரொம்ப நல்லது!"

"மேடம்...?"

"ஒரிஜினல் இருக்கற வரைக்கும்தான் நகல் செல்லாது. அது அழிஞ்சதும், அழிச்சது எதிர்க்கட்சின்னு நிரூபிச்சிட்டா, நகல்தான் சாட்சி! எவன் டிரம்ல அழிஞ்சுது? சம்பத் டிரம்ல. யார் பாத்தது? இன்ஸ்பெக்டர். திருடினவன் ஒத்துக்கிட்டானா? ஒத்துக்கிட்டான். இதுக்கு மேல கோர்ட்டுக்கு இன்னா வேணும்? நீ போய் ஸ்கேன பிரின்ட் போடு. நான்தான் ஸ்கேன் பண்ணேன்னு சர்டிஃபிகேட் எழுதிக் கையெழுத்து போட்டு எடுத்துட்டு வா!"

சம்பத்தின் சிரிப்பு நின்றது.

"அத எங்கயாவது பத்திரமா ஒளிச்சு வச்சிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க." பொன்மலர் அவர் தோளைத் தட்டினாள். "ஏட்டய்யா, மகஜர் எழுதுங்க. இந்த டிரம், இந்தத் தோல், இந்த மூஞ்சி... ஒண்ணு விடாம எழுதுங்க."

ஃபீபி சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். சேலை முழுக்க டேனரித் தண்ணீர். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அம்மாவுக்கு வீடு மிஞ்சப் போகிறது!

சத்தார் பாய் மட்டும் கவலையோடு பொன்மலரின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்ஸ்பெக்டரம்மா... ஒரு பேஜாராயிடுச்சு. நாங்க தோல எண்ணித்தான் விப்போம். இதையும் ஒரு ஆட்டுத்தோல்னு கணக்குல சேத்து, காலைலயே சம்பத் கையில காசு வாங்கிட்டேனே! திருப்பிக் குடுக்கணுமா?"

"வச்சிக்கோங்க பாய்! பத்திரத்த விக்கப் பேரம் பேசினது ப்ரொபசரு, ஆனா சரக்க ஒழுங்கா டெலிவரி பண்ணி காசு வாங்கினது நீங்க ஒருத்தர்தான்!"