பிரேக்கைப் பிடித்தது யார்?

"தள்ளாதே, தள்ளாதே. நிறுத்து," என்றாள் வாருகுரு சித்தி.

முகாமி நிறுத்தினாள். தள்ளியும் பயனில்லை. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் இம்மியும் அசையவில்லை. பிரேக் தட்டிலிருந்து கருகிய வாடை வந்தது. பின்னால் கட்டியிருந்த அட்டைப்பெட்டிக்குள் நூறு கோழிக்குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்தின. பொரித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

"தண்ணி ஊத்தவா, சித்தி?"

"ஐயையோ, வேண்டாம். கொதிக்கிற தட்டுல பச்சைத் தண்ணி பட்டா கோணிக்கும். தானா ஆறட்டும்."

சித்தி சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். கினான்கோப் மேட்டில் ஜூலைதான் கடுங்குளிர் மாதம்; கல்கூட ஐஸ் மாதிரி இருந்தது. முகாமி தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் பெட்டியைப் போர்த்தினாள். காற்றுத் துளைகளை மட்டும் மூடவில்லை.

"உனக்குக் குளிராதா?"

"குஞ்சுக்கு ஸ்வெட்டர் இல்லையே சித்தி."

சித்தி சிரித்தாள். ஆனால் முகம் உடனே வாடிவிட்டது. இந்த வாரத்தில் வண்டி இப்படி நிற்பது மூன்றாவது தடவை. குஞ்சு பொரிக்கும் பண்ணைக்காரர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னைக்கும் தாமதமாச்சுன்னா அடுத்த வாரத்திலேருந்து பெட்டி கமான்டே வண்டியிலதான் போகும்." ஊர் வண்டி நிறுத்தத்தில் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒரே பெண் வாருகுரு சித்திதான். குஞ்சுப் பெட்டிதான் அவள் கையில் இருந்த ஒரே நிரந்தர வேலை.

"மெக்கானிக் முரீதி எல்லாத்தையும்தானே பார்த்தாரு?" என்றாள் முகாமி.

"பார்த்தாரு. பிரேக் கட்டையைக் கழட்டித் துடைச்சாரு. பிரேக் எண்ணெயை மாத்தினாரு. பஜாரை ரெண்டு சுத்து சுத்திட்டு வந்து, 'வண்டி குதிரை மாதிரி ஓடுது, போம்மா'ன்னாரு."

அதுதான் முகாமிக்குப் புரியவில்லை. மெக்கானிக் முரீதி ஓட்டினால் வண்டி ஓடுகிறது. சித்தி ஓட்டினால் நிற்கிறது. வண்டிக்கு ஆளைப் பார்த்துத்தான் கோபம் வருமா?

"நிக்க வெச்சுப் பார்த்தா சரியா இருக்கு. வேகமாப் போனா இழுக்குது. ஆறினா விட்டுடுது," என்று சித்தி விரல்விட்டு எண்ணினாள். "பேய் பிடிச்சிருக்கோ என்னவோ." திடீரென்று முகாமியின் கையைப் பிடித்தாள். "இதென்ன, கட்டைவிரல்ல பிளாஸ்திரி?"

"ஒண்ணுமில்ல சித்தி." முகாமி கையை இழுத்துக்கொண்டாள்.

அப்போது பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. கமான்டே. தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டிருந்தான்.

"என்ன வாருகுரு, கோழிக்கெல்லாம் மலையைச் சுத்திக் காட்டறியா?"

"உன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போ."

"போகத்தான் போறேன். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். பயமா இருந்தா மெதுவா ஓட்டு. அதுக்காகப் பஜார்லேருந்து இதுவரைக்கும் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேவா வருவே? உன் பின்னாடி சிவப்பு லைட்டு அணையவே இல்ல. கல்யாண வீடு மாதிரி எரிஞ்சுது."

"நான் பிரேக்கைத் தொடவே இல்லடா. காலும் வைக்கல, கையும் வைக்கல."

"அப்ப லைட்டு எப்படி எரிஞ்சுது? அந்தக் கையுறை குடுத்த மாப்பிள்ளை வந்து அமுக்கினானோ?"

சித்தியின் கன்னம் சிவந்தது. ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் தார்ப்பாயில் தைத்த பெரிய கையுறைகள் தொங்கின. உள்ளே பழைய கம்பளி. கைப்பிடியையும் பிரேக் லிவரையும் சேர்த்து மூடும் பை மாதிரி. கையை உள்ளே விட்டுக்கொண்டு ஓட்டினால் குளிராது. திங்கட்கிழமை காலை சித்தி வண்டியை எடுக்க வந்தபோது அவை மாட்டியிருந்தன. யார் மாட்டினார்கள் என்று தெரியவில்லை. நிறுத்தத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கைகாட்டிச் சிரித்தார்கள். முரீதி மட்டும் சிரிக்கவில்லை. "யாரோ பாசமாத் தெச்சது. எண்ணெய்க் கறை படக்கூடாது," என்று ஒவ்வொரு முறையும் அவற்றை முதலில் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வண்டியில் கைவைத்தார்.

முகாமி வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சித்தி பிரேக்கைத் தொடவில்லை. சித்தி பொய் சொல்ல மாட்டாள். ஆனால் லைட் எரிந்திருக்கிறது. கமான்டே கிண்டல் செய்வான், இல்லாததைச் சொல்ல மாட்டான். இரண்டு பேர் சொல்வதும் உண்மையென்றால்?

"சித்தி, சாவியைத் திருப்புங்க. ஓட்ட வேண்டாம். சும்மா திருப்புங்க."

"எதுக்கு?"

"திருப்புங்களேன்."

சித்தி திருப்பினாள். முகாமி வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். வேகமாகப் போனால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும்? முன்னாலிருந்து. முன்பிரேக் லிவர் இருக்கும் வலது கையுறையின் மேல் உள்ளங்கையை வைத்துக் காற்று தள்ளுவது போலத் தள்ளினாள். விறைத்த தார்ப்பாய் உள்ளே மடங்கியது.

"கமான்டே அண்ணா, பின்னாடி என்ன தெரியுது?"

கமான்டே எட்டிப் பார்த்தான். அவன் வாய் திறந்தபடியே நின்றது.

"லைட்டு எரியுது."

முகாமி கையை எடுத்தாள்.

"அணைஞ்சிடுச்சு."

மீண்டும் தள்ளினாள்.

"எரியுது. வாருகுரு, இங்க வந்து பாரேன். உன் கையே அங்க இல்ல, லைட்டு எரியுது."

சித்தி பின்னால் ஓடிப் பார்த்தாள். முன்னால் ஓடி வந்தாள். கையுறையைத் தானே ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "காத்து. காத்துதான் வழியெல்லாம் லிவரை அமுக்கிக்கிட்டு வந்திருக்கு. கட்டை உரசி உரசிச் சூடாகி, தட்டைக் கவ்விப் பிடிச்சிருக்கு."

"முரீதி ஓட்டும்போது கையுறை ஆணியிலதானே இருந்துது," என்றாள் முகாமி.

தட்டு ஆறியிருந்தது. சித்தி வலது கையுறையின் வாரை அவிழ்த்து அதைக் கழற்றினாள். முன்சக்கரம் சமர்த்தாக உருண்டது. ஆனால் வெறுங்கை இரண்டே நிமிடத்தில் விறைத்துவிட்டது.

"இந்தக் குளிர்ல விரல் மடங்காதே. நிஜமாப் பிரேக் பிடிக்கணும்னா எப்படிப் பிடிப்பேன்?"

முகாமி கல்லில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றினாள். பச்சையும் மஞ்சளுமான தன் பள்ளிக்கூடச் சாக்ஸ் இரண்டையும் உருவி, ஒன்றின்மேல் ஒன்றாகச் சித்தியின் வலது கையில் மாட்டிவிட்டாள்.

"துவைச்சியாடி?"

"நேத்து."

"நேத்து துவைச்சியா, நேத்து போட்டியா?"

முகாமி வெறுங்காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

கமான்டே தன் வண்டியை உதைத்துக் கிளப்பினான். "முன்னாடி போ வாருகுரு. நான் பின்னாடி வந்து லைட்டைப் பார்த்துக்கறேன்."

வண்டி பறந்தது. உருளைக்கிழங்கு வயல்கள் இருபுறமும் ஓடின. வளைவுக்கு வளைவு கமான்டே கத்தினான்: "எரியல... எரியல... இப்ப எரியுது."

"இப்ப நான்தான்டா பிடிச்சேன், மாடு குறுக்கே வருது," என்று சித்தியும் கத்தினாள்.

குஞ்சு கேட்டிருந்த மேட்டு வீட்டு வைரூரி அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். பெட்டியைத் திறந்தாள். நூறு மஞ்சள் தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தன. ஒன்றுகூடச் சுருண்டு கிடக்கவில்லை.

"நேரத்துக்கு வந்துட்டியே. பண்ணைக்காரர்கிட்டச் சொல்லிடறேன், அடுத்த பெட்டியும் உன் வண்டியிலயே வரட்டும்," என்றவள், சித்தியின் கையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "ஏம்மா, இது சாக்ஸ்தானே?"

கமான்டே விழுந்து விழுந்து சிரித்தான்.

திரும்பக் கிளம்புமுன், வண்டியில் உட்கார்ந்தபடி சித்தி அந்தக் கையுறையை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாள். "பாவம், யாரோ ராத்திரி பகலா உட்கார்ந்து தெச்சிருக்காங்க. தையல் கொஞ்சம் கோணல்தான். ஆனா தூக்கிப் போட மனசு வரல. யாருன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லலாம்."

பின்னால் உட்கார்ந்திருந்த முகாமி தன் பிளாஸ்திரி ஒட்டிய கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு சித்தியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள்:

"அடுத்த தடவை உள்ளே கம்பி வளையம் வெச்சு, லிவர் மேல படாம தைக்கறேன், சித்தி."