சின்ன லிவர்

சிறுமி பட்டாணி, அம்மாவின் டிராக்டர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். யானை வந்து இழுத்தாலும் அவள் இறங்குவதாக இல்லை.

கொட்டகை வாசலில் பழைய இரும்பு வாங்குபவரின் லாரி நின்றது. அவரை வரச் சொன்னவர் பெரியப்பா.

அம்மா கால் எலும்பு முறிந்து படுத்திருந்தாள். உதவிக்கு வந்த பெரியப்பாதான் நேற்று டிராக்டரை வயலிலிருந்து ஓட்டி வந்து நிறுத்தினார். இன்று காலை சாவியைத் திருப்பினால் சின்னச் சத்தம்கூட வரவில்லை. பேட்டரியை மாற்றிப் பார்த்தார், அப்போதும் அசையவில்லை. வண்டி செத்துப்போச்சு என்று முடிவு கட்டிவிட்டார். அம்மாவும் அழுதுகொண்டே தலையாட்டிவிட்டாள்.

பட்டாணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த டிராக்டரை ஓட்டித்தான் அம்மா குடும்பத்தை நடத்துகிறாள். கால் சரியானதும் எதை ஓட்டுவாள்?

"எறங்கு கண்ணு. இதுக்கு வயசாயிடுச்சு," என்றார் பெரியப்பா.

"வயசானா வித்துடலாமா? அப்ப உங்களையும் லாரியில ஏத்தலாமே."

இரும்புக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். பட்டாணி அவரையும் விடவில்லை. மூன்று சிலிண்டர், முப்பத்தைந்து குதிரைத்திறன், இதையா உடைக்கப் போகிறீர்கள் என்று சண்டைக்குப் போனாள்.

"முன்னால போக ஆறு கியர் இருக்கு. மூணு கியரையும் மெதுவு, வேகம்னு பிரிச்சு ஆறாக்குறது இந்தச் சின்ன லிவர்தான்."

சொல்லிக்கொண்டே அதைத் தொட்டவள் சட்டென்று நிறுத்தினாள். லிவர் 'மெதுவு' பக்கம் தள்ளியிருந்தது. வண்டியை நிறுத்தியதும் அம்மா அதை நடுவுக்குக் கொண்டுவராமல் இறங்கவே மாட்டாள்.

"பெரியப்பா, உங்க புது டிராக்டரை எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்க?"

கிளட்ச்சை மிதித்துச் சாவியைத் திருப்பினால் போதும் என்றார் அவர்.

"இது அந்த மாடல் இல்ல. சின்ன லிவர் நடுவுல இருந்தாத்தான் ஸ்டார்ட் ஆகும். நீங்க அப்படியே விட்டுட்டுப் போயிட்டீங்க."

பட்டாணி இரண்டு கைகளாலும் லிவரை நடுவுக்கு இழுத்தாள். இந்தப் பொடிசு எனக்கே பாடம் எடுக்குதா என்று பெரியப்பா முணுமுணுத்தார். திருப்பித்தான் பாருங்களேன் என்றார் இரும்புக்காரர். பெரியப்பா பக்கத்தில் நின்றபடியே, பெரிய கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

என்ஜின் இருமியது. கரும்புகையைக் கக்கியது. பிறகு தடதடவென்று ஓடத் தொடங்கியது. வீட்டுக்குள்ளிருந்து அம்மா சத்தமாகச் சிரித்தது அந்த இரைச்சலிலும் கேட்டது.

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"சரி தாயே, நான் தோத்துட்டேன். இப்பவாவது எறங்கு."

"முதல்ல லாரி போகட்டும்," என்றாள் பட்டாணி.