திருகினால் குளிரும்!

"ஐயோ... ஓஓஓ...!"

ரிசப்ஷனிஸ்ட்டின் அலறலில் இரண்டாவது மாடியே அதிர்ந்தது.

அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டில்கள் வராந்தாவில் உருண்டோடின.

சின்ன மீட்டிங் அறைக்குள், மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார் ஆடிட்டர். தலைமையகத்திலிருந்து ஆலையின் பாதுகாப்பைச் சோதிக்க நேற்றுதான் விமானத்தில் வந்து இறங்கிய மனிதர். பின்மண்டை உடைந்து ரத்தம் மேஜை விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. காலடியில் குழாய் முடுக்கும் கனத்த பைப் ரெஞ்ச் ஒன்று.

பக்கத்தில் ஜி.எம். நின்றிருந்தார்.

பல நாடுகளில் ஆலை வைத்திருக்கும் கம்பெனி அது. இந்த ஆலைக்கு அவர்தான் ராஜா, மந்திரி, சேனாதிபதி எல்லாம்!

"கத்தாதம்மா! நான் இப்பத்தான் உள்ள வந்தேன். சாப்பிடக் கூப்பிடலாம்னு வந்தா... இப்படிக் கிடக்கறாரு!"

"சார்... சார்..."

"பாரு, ரூம் எப்படிக் கொதிக்குதுன்னு! அனல் தாங்காம நான்தான் ஏசியைத் திருகி வச்சேன். உனக்கு வேர்க்கல?"

"ஆ... ஆமா சார். வேர்க்குது."

"போ. போலீசுக்குப் போன் போடு!"

*

இன்ஸ்பெக்டருக்குப் போலீஸ் வட்டாரத்தில் 'கடுகு' என்று பெயர். ஆள் குள்ளம். பொரிய ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

"ரெஞ்ச் யாரோடது?"

"ஃபெசிலிட்டி டிபார்ட்மென்ட்டோடது," என்றார் ஜி.எம். "கட்டிடம், ஏசி, தண்ணி, கரண்ட்டு, கக்கூஸ்... எல்லாம் அவங்கதான். அதுக்கு மேனேஜர் ஒரு பொம்பளை. சாவியம்மான்னு கூப்பிடுவாங்க. இடுப்புல எப்பவும் ஒரு கொத்துச் சாவி தொங்கும்."

"அவங்களுக்கும் இவருக்கும் ஏதாவது தகராறா?"

ஜி.எம். தயங்குவதுபோல் தயங்கினார். அழகாகவே நடித்தார்.

"சொல்லக் கூடாது... ஆனா ஆலையே கேட்டுது சார். காலையில ஷெட்டுல ரெண்டு பேருக்கும் பயங்கரச் சண்டை. அவசர வழிக் கதவை அடைச்சு மெஷின் போட்டிருக்குன்னு ஆடிட்டர் பிடிச்சுட்டாரு. 'என் பேரை இழுத்தீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்'னு அவ கத்தினா."

"அவ...?"

"என் சம்சாரத்தோட தங்கச்சி சார். அதான் மனசு கேக்கல."

கடுகு போலீஸ் டாக்டர் பக்கம் திரும்பினார். டாக்டர் பிணத்தின் அக்குளிலிருந்து கையை எடுத்தார்.

"உடம்பு இன்னும் நல்லாவே சூடா இருக்கு. சாதாரண ஏசி ரூம்னா, செத்து ஒரு மணி நேரம்கூட ஆகலைன்னு அடிச்சுச் சொல்லுவேன். ஆனா ரூம் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு சொல்றாங்களே... அப்படின்னா உடம்பு லேசுல ஆறாது. கூட்டம் நடந்துட்டு இருந்தப்பவே செத்திருக்கலாம்."

"கூட்டமா? என்ன கூட்டம்?"

ஜி.எம். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்தச் சண்டைக்கு அப்புறம் மத்தியானம் வரைக்கும் கீழே ஹால்ல என்னோட உரை. 'தலைமைப் பண்பு: ஒரு தலைவனின் பாடங்கள்'. மொத்த ஆலையும் எதிர்ல உட்கார்ந்திருந்தது. முடிச்சுட்டு நேரா இங்கதான் வந்தேன்."

"அப்போ அந்த சாவியம்மா?"

"கூட்டத்துக்கே வரல சார்!"

கடுகு பொரிந்தார்.

"கூட்டிட்டு வாங்கய்யா அந்தம்மாவை!"

*

வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். முழங்கை வரை கிரீஸ். இடுப்பில் சாவிக் கொத்து சலசலத்தது. முகத்தில் மருந்துக்குக்கூட மரியாதை இல்லை.

"கூட்டம் நடந்தப்ப எங்க இருந்தே?"

"மொட்டை மாடியில. மெஷின் தண்ணியை ஆறவைக்கிற கூலிங் டவர்ல ஃபேன் பெல்ட் அறுந்துபோச்சு."

"கூட யாரு?"

"காக்கா."

"என்னது?"

"ரெண்டு காக்கா சார். எல்லாரையும் ஹாலுக்கு அனுப்பிட்டாங்க. எங்க ப்ளம்பர்கூட ரெஞ்ச்சை இந்த வராந்தாவுலயே வச்சுட்டு ஓடினான். கை தட்ட ஆள் வேணும்ல?"

"திமிரா? கூட்டம் முடிஞ்சப்புறம்?"

"கேன்டீன்ல. சாக்கடை அடைச்சுக்கிச்சு. கேன்டீன்காரனோட சண்டை, சட்டையைப் பிடிக்காத குறை. சாப்பாட்டுத் தட்டோட அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தாங்க."

"அது எனக்கு வேண்டாம்! கொலை கூட்டம் நடந்தப்ப நடந்திருக்கு. அந்த நேரத்துக்கு உனக்குக் காக்காதான் சாட்சி. ரெஞ்ச் உன்னோடது. சண்டையும் உன்னோடது. கையை நீட்டு!"

விலங்கைப் பார்த்ததும் அவளுக்கு மகள் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளுக்குக் கதவு திறக்க வீட்டில் வேறு நாதியில்லை. புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன.

ஜி.எம்.மைப் பார்த்தாள்.

"அத்தான்... நீங்களுமா இதை நம்பறீங்க?"

"ஆபீஸ்ல அத்தான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? நீ செஞ்ச காரியத்துக்கு உங்க அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"அந்தக் கதவை அடைச்சு மெஷினைப் போடச் சொன்னதே நீங்கதானே! காலையில ஆடிட்டர்கிட்ட அதைத்தான் சொன்னேன். 'போட்டவரைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க'ன்னு!"

"பாருங்க சார், இப்ப என் மேலயே திருப்பறா! அவ வாயில நல்ல வார்த்தையே வராது."

"வராதுதான். நல்ல வார்த்தை எல்லாம் நீங்க மேடையிலயே தீர்த்துடறீங்களே!"

"போதும்!" கடுகு கத்தினார். "ரூம் அனலா இருந்துச்சு. அதனாலதான் பிணம் இன்னும் சூடா இருக்கு. இவரு வந்து ஏசியைத் திருகினாரு, இப்ப சில்லுன்னு ஆயிடுச்சு. கணக்குச் சரியா இருக்கு. நடம்மா!"

சாவியம்மா நடக்கவில்லை.

"என்ன சொன்னீங்க? ஏசியைத் திருகினாரா? எதைத் திருகினாரு?"

ஜி.எம். எரிச்சலோடு சுவரைக் காட்டினார். வெள்ளைப் பெட்டி. நடுவே வட்டமாக ஒரு குமிழ். சுற்றிலும் பதினாறிலிருந்து முப்பது வரை எண்கள்.

"இதைத்தான்! நான் உள்ள வந்தப்ப முப்பதுல இருந்துச்சு. உடம்பு வெந்து போற மாதிரி அனல். பதினெட்டுக்குத் திருகினேன். கொஞ்ச நேரத்துல சில்லுன்னு ஆயிடுச்சு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? என் கைரேகைகூட இருக்கும். எடுத்துப் பாத்துக்கச் சொல்லு!"

அவள் சிரித்தாள்! பிணம் கிடக்கும் அறையில், விலங்குக்கு முன்னால் நின்றுகொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"பைத்தியம் பிடிச்சுடுச்சா?" என்றார் கடுகு.

"ரேகையை எடுத்துக்கிட்டு அந்தப் பெட்டியைக் கழட்டச் சொல்லுங்க சார். சும்மா இழுத்தாலே வந்துடும்."

ரேகை எடுத்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் பெட்டியைப் பிடித்து இழுத்தார்.

டப்!

வந்துவிட்டது. பின்னால் இரண்டு ஆணி. கொஞ்சம் ஒட்டடை. ஒயர் இல்லை. ஒரு மண்ணும் இல்லை.

"இது... என்னம்மா?"

"டம்மி சார். எங்கயும் சேராது. இந்த மாடி முழுக்க ஒரே குழாய்ல காத்து வருது. கன்ட்ரோல் ரூம்ல பூட்டுக்குள்ள இருபத்திரண்டு டிகிரின்னு வச்சிருக்கேன். சாவி இதோ, என் இடுப்புல. பக்கத்து ரூம் அக்கவுன்ட்ஸ்காரங்களைப் போய்ப் பாருங்க. கூட்டத்துக்குப் போன நேரம் தவிர, காலையிலேர்ந்து ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு என்னைத் திட்டிட்டு இருக்காங்க. அந்த ரூம் உறைஞ்சா இந்த ரூம் எப்படி சார் கொதிக்கும்?"

கடுகு ஒரு ஆளை அனுப்பினார். போன வேகத்தில் திரும்பினார் அவர்.

"ஆமா சார். நாலு பேரும் ஸ்வெட்டர். ஒரு அம்மா தலையில மஃப்ளர்கூட கட்டியிருக்காங்க."

"எதுக்கும்மா இப்படி ஊரை ஏமாத்தற வேலை?"

"ஒருத்தர் வேர்க்குதும்பாரு, பக்கத்து சீட்டுக்காரர் குளிருதும்பாரு. ரெண்டு பேரும் எனக்குத்தான் போன் போட்டுக் கத்துவாங்க. சுவத்துக்குச் சுவர் இதை மாட்டினேன். திருகினாங்க, அடங்கினாங்க. ஜனங்களுக்கு வேண்டியது குளிர் இல்ல சார். திருகறதுக்கு ஒரு குமிழ். கட்டிடத்தைக் கட்டி மேய்ச்சதுல நான் படிச்ச தலைமைப் பாடம் அது ஒண்ணுதான்."

"அப்போ அந்த ரிசப்ஷன் பொண்ணு? அதுவும் வேர்த்துச்சுன்னு சொல்லுதே!"

"ஜி.எம். வேர்க்குதுன்னு சொன்னா இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் வேர்க்கும் சார்."

கடுகு மெதுவாக டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரூம் எப்பவும் இப்படியேதான் இருந்ததுன்னா... பேச்சே இல்ல. செத்து ஒரு மணி நேரம் ஆகல. கூட்டம் முடிஞ்சப்புறம்தான்."

"கூட்டம் முடிஞ்சப்புறம் இந்தம்மா கேன்டீன்ல. ஊரே சாட்சி. இந்த ரூமுக்கு வந்தது..."

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

ஜி.எம்.முக்கு இப்போது உண்மையிலேயே வேர்த்தது!

"இல்லாத சூட்டை இருக்குன்னு எதுக்கு சார் சொன்னீங்க?" கடுகின் குரல் அடங்கியிருந்தது. அதுதான் ஆபத்து.

"அது... எனக்கு... அப்படித் தோணுச்சு..."

"வராந்தாவுல ப்ளம்பர் வச்சுட்டுப் போன ரெஞ்ச்சை எடுக்கணும்னும் தோணுச்சா?"

ஜி.எம். வெடித்தார்.

"அவன் ஆலையையே மூடறேன்னான்! ஒரு கதவுக்காக! அந்த இடத்துல மெஷின் போட்டுத்தான் உற்பத்தியில இந்த ஆலை முதல் இடத்துக்கே வந்துச்சு! 'சாப்பிட்டு வந்து தலைமையகத்துக்குப் போன் போடறேன்'னான். கெஞ்சினேன்... முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்தான்..."

"அதுக்கு என் மேல பழியா?" சாவியம்மாவின் குரல் உடைந்தது. "உங்க பொண்டாட்டியோட கூடப்பிறந்தவ அத்தான் நான்! என் பொண்ணைத் தூக்கி வளர்த்த கை உங்க கை! உங்களுக்கு ஈவு இரக்கமே இல்லையா?"

"நீ ஒரு சாதாரண மெயின்டனன்ஸ்காரி! நான் தலைவன்! இந்த ஆலையே என் கையில இருந்துச்சு! தலைவன்னா கட்டுப்பாடு எப்பவும் அவன் கையில இருக்கணும்!"

"கட்டுப்பாடு?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க கேபின்ல வெள்ளிக் கலர்ல பெருசா ஒரு குமிழ் இருக்கே... தினம் காலையில வந்ததும் இருபதுல வச்சுட்டு, 'ஆங், இதுதான் சுகம்'னு சொல்வீங்களே..."

"ஆமா. அதுக்கென்ன?"

"அதுவும் டம்மிதான் அத்தான்."

கொலை அம்பலமானபோதுகூட அப்படி வாடாத முகம், அந்த ஒரு வார்த்தையில் வாடிப்போனது.

அவளுடைய செல்போன் அடித்தது. திரையில் 'அக்கா'. சாவியம்மா அதைப் பார்த்தபடியே நின்றாள். ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை. என்ன சொல்வாள்? எப்படிச் சொல்வாள்? போனை எடுத்து, "அக்கா... வீட்டுலயே இரு. நான் வரேன்," என்று மட்டும் சொன்னாள்.

போகும்போது கடுகு அவளிடம் மெல்லக் கேட்டார்.

"ஏம்மா... இந்தப் பெட்டி இன்னொண்ணு உங்ககிட்ட இருக்குமா?"

*

போலீஸ் ஸ்டேஷன். மறுநாள் மத்தியானம்.

லாக்கப்புக்குள் கோட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தார் ஜி.எம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்ஸ்பெக்டர்! இது மனுஷன் இருக்கற இடமா? காத்தே இல்ல! நான் யார் தெரியுமா? மேலிடத்துல பேசுவேன்! உடனே ஏதாவது செய்யுங்க!"

கடுகு ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"கத்தாதீங்க சார். உங்களுக்குன்னே ஸ்பெஷலா ஏற்பாடு பண்ணியிருக்கோம். பின்னாடி சுவத்தைப் பாருங்க."

ஜி.எம். திரும்பினார்.

வெள்ளைப் பெட்டி. வட்டக் குமிழ்!

"பதினாறு வரைக்கும் போகும். உங்க மச்சினி வந்து மாட்டிட்டுப் போனாங்க... திருகிக்குங்க தலைவரே!"