பின் சீட்டில் எறும்புகள்

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியே முப்பது வருடம் ஓட்டியவர் சர்வேயர். ஓய்வு பெற்றும் ஓய்வில்லை. அன்று காலை வந்த பெண் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்.

"எட்டு வருஷமா ஓடாத கார் சார், மாமனாரோடது. எடைக்குப் போட்டுடலாம்னு முடிவு பண்ற போதெல்லாம் ஏதாவது காணாமப் போகுது. முதல்ல சாவி. அடுத்து ஆர்.சி. புக். இன்னிக்கு முன் சக்கரம் ரெண்டும். நாலு மணிக்கு ஆள் வர்றாரு. இதுதான் கடைசி, இனிமே கூப்பிடாதீங்கன்னுட்டாரு."

"வண்டி அது பாட்டுக்கு நிக்கட்டுமேம்மா?"

"மாமியாருக்கு இடுப்பு உடைஞ்சு மூணு மாசமா மாடியிலயே கிடக்காங்க. ஷெட்டை ரூமாக்கினாத்தான் அவங்களைக் கீழ கொண்டு வர முடியும் சார்."

"வீட்ல வேற யாரு?"

"வீட்டுக்காரர் ஒரு பட்டறையில ஸ்டோர் கீப்பர். கொழுந்தன் டிரைவர். அந்தக் காரைச் சரி பண்ணி ஓட்டணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை."

"கொழுந்தன்தான்," என்றார் சர்வேயரின் மைத்துனர், செருப்பை மாட்டிக்கொண்டே. பாதி கேட்கும்போதே முடிவு சொல்லிவிடுவதால் அவருக்குத் 'தந்தி' என்றே பெயர்.

ஷெட் வீட்டை ஒட்டியே இருந்தது. பின் சந்திலிருந்தும் அதற்கு ஒரு கதவு. கார் பூட்டியபடி நின்றது. முன்பக்கத்தைச் செங்கல் தாங்கியிருந்தது. சர்வேயர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். சக்கரம் போன இடத்தில் நட்டுகள் எல்லாம் துடைத்துத் திரும்பவும் திருகப்பட்டிருந்தன. எழுந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். ஸ்டீயரிங்கிலும் முன் சீட்டுகளிலும் விரல் கனத்துக்குத் தூசி. பின் சீட்டு மட்டும் சுத்தமாக இருந்தது. அதன் மேல் எறும்புகள் ஒரு பருக்கையை இழுத்துக்கொண்டிருந்தன.

"நேத்து நாள் பூரா மழையாச்சே, உங்க வீட்டுக்காரர் எப்படி வந்தாரு?"

"குடைகூட எடுத்துட்டுப் போகல சார். ஆனா நல்லவேளை, நனையாம வந்துட்டாரு."

நாலு மணி வரை இங்கேயே இருப்பதாகச் சொல்லி, சர்வேயர் ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை.

நாலு மணிக்கு எல்லோரும் ஷெட்டில் கூடினார்கள். வீட்டுக்காரர் அரை நாள் லீவு என்று சாப்பாட்டுப் பையோடு வந்திருந்தார். எடைக்கு எடுப்பவரின் லாரி வாசலில் நின்றது.

"கொழுந்தன் இல்ல," என்றார் சர்வேயர். "ஓட்ட ஆசைப்படறவர் ஸ்டீயரிங்ல இவ்வளவு தூசி சேர விடமாட்டாரு. சாவி யார்கிட்ட இருக்கோ, அவர் பின் சீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டிருக்காரு. மாடியில இருக்கற அம்மாவால இறங்க முடியாது. அப்புறம் அந்த நட்டு. திருடன்னா வீசிட்டுப் போயிருப்பான். இவர் துடைச்சு அதே இடத்துல மாட்டியிருக்காரு. ஒரு நட்டுகூடத் தொலையக் கூடாதுன்னு பழகின கை. நேத்து அவ்வளவு மழையில குடையில்லாம நனையாம வந்தவர், இந்தக் கூரையை விட்டே வெளிய போகல."

வீட்டுக்காரர் மறுக்கவில்லை. சாப்பாட்டுப் பையின் பக்கவாட்டிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"சக்கரமும் புக்கும் டிக்கியில இருக்கு. பட்டறையை மூடி ஏழு மாசமாச்சு. கணக்கு முடிச்சுக் கொடுத்த பணத்தைத்தான் சம்பளம்னு மாசாமாசம் வீட்ல கொடுத்தேன். தேடாத இடமில்ல, இந்த வயசுல யாரும் வேலைக்கு எடுக்க மாட்டேங்கறாங்க. காலைல ஒன்பது மணிக்குக் கிளம்பி எங்கயாவது போகணுமே சார். சுத்திட்டு சந்து வழியா இங்க வந்து உட்காருவேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மனைவி.

மேலேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "வண்டி போயிடுச்சாடா?"

"போகுதும்மா," என்றார் மகன். தானே குந்தி உட்கார்ந்து சக்கரங்களை மாட்டினார். தம்பி ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார்.

எதற்கும் முந்திக்கொள்ளும் தந்தி, செங்கற்களை எடுத்து ஓரமாக அடுக்கினார். காரை என்ன செய்வது என்று சொல்லிவிடலாம். இந்த மனிதரை என்ன செய்வது என்று சர்வேயருக்குத் தெரியவில்லை.

லாரி காரை இழுத்துக்கொண்டு போன பிறகு, மனைவி வழக்கம்போலச் சாப்பாட்டுப் பையைக் கையில் வாங்கினார். கனத்தது. டப்பாவைத் திறந்து பார்த்தார். காலையில் கட்டிக் கொடுத்தது அப்படியே இருந்தது.

"ஏன் சாப்பிடல?"

"இன்னிக்கு ஷெட்ல ஆள் இருந்தாங்களே," என்றார் அவர். "உட்கார இடமில்ல."