கறுக்க மறுத்த திரை

நஜீமுதீன் வருகிறார் என்றால் பள்ளியின் கணினி அறையை இரண்டு முறை பெருக்குவார்கள். அன்றைக்கும் பெருக்கினார்கள்.

பள்ளிக்குப் பன்னிரண்டு பழைய கணினிகளை வாங்கிக் கொடுத்தவர் அவர். இருபது வருடம் ஷார்ஜாவில் இருந்தவர். அங்கே என்ன வேலை என்று கேட்டால், "சிஸ்டம் சைடு" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. பன்னிரண்டு திரைகளிலும் பின்னணிப் படமாக அவரே வெள்ளைச் சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் வகுப்பு ஆஃப்ராவுக்கு அன்று அவரைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அவளுடைய கவலையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேணியைப் பற்றித்தான்.

பளிச்சென்று வெளிச்சம் பட்டால் வேணியின் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டும். வெள்ளைத் திரையைப் பார்த்து இரண்டு வரி தட்டுவதற்குள் கன்னம் நனைந்துவிடும். திரை கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் இருந்தால் தொந்தரவு இருக்காது என்று பெரம்பலூர் கண் டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். திரையின் வெளிச்சத்தைக் குறைக்கலாம் என்றால், அதற்கான பொத்தான் எல்லாக் கணினியிலும் எப்போதோ உள்ளே அமுங்கிப் போயிருந்தது.

மூன்று மணிக்கு மாவட்டக் கதைப் போட்டி. தலைப்பு இணையத்தில் வரும். அவரவர் பள்ளியில் உட்கார்ந்து, எழுத்துச் செயலியில் அரை மணி நேரத்தில் ஒரு கதையைத் தட்டி அனுப்ப வேண்டும். பள்ளிக்கு ஒருவர்தான். கரும்பு லாரியில் ஏறி எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போன குரங்கைப் பற்றி வேணி எழுதிய கதையைத் தலைமையாசிரியர் ராசாங்கம் மூன்று முறை படித்துச் சிரித்திருந்தார். ஆகவே அந்த ஒருவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

"ஆனா ரெண்டே முக்காலுக்குள்ள திரை கறுக்கலேன்னா ஆசிப்பைத்தான் உட்கார வைக்கணும். புள்ளையோட கண்ணு முக்கியம்" என்றார் ராசாங்கம்.

ஆசிப் பயந்துபோனான். அவனுடைய எல்லாக் கதைகளிலும் மூன்றாவது வரியிலேயே கதாநாயகன் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவான்.

"கவலையே வேணாம் சார்," என்று நஜீமுதீன் சட்டைக் கையை மடித்துவிட்டார். "இதுல ஓடறது லினக்ஸ். அதுல இதெல்லாம் ஒரே ஒரு கமாண்டுதான். ஷார்ஜாவுல ஒரு ஆபீஸ் முழுக்க ஒத்தை ஆளா கறுப்பாக்குனேன்."

எதையோ தட்டினார். கடைசிப் பொத்தானை மட்டும் ஒரு விரலை உயரத் தூக்கி அழுத்தினார். செயலிப் பட்டியல் கறுத்தது. கோப்புறைகள் கறுத்தன. கணிப்பான்கூடக் கறுத்தது. தலைமையாசிரியர் கைதட்டினார்.

வேணி மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா, இன்னும் கூசுதா?"

"ஆமாங்க மாமா. உங்க படம் கூசுது."

நஜீமுதீன் திரையில் சிரிக்கும் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சட்டை வெள்ளை. அதனாலதான்" என்று சொல்லிவிட்டுப் படத்தை எடுத்தார்.

பிறகு எழுத்துச் செயலியைத் திறந்தார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல வெள்ளைவெளேரென்று நின்றது அது. வேணியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதே கமாண்டை மறுபடி தட்டினார். வெள்ளை. கணினியை அணைத்துப் போட்டார். வெள்ளை.

"லோ வோல்டேஜ்" என்றார்.

"மின்விசிறி நல்லாத்தானே பாய் சுத்துது?" என்றார் ராசாங்கம்.

"அது வேற லைன் சார்."

மணி இரண்டே கால். தலைமையாசிரியர் பெயரை மாற்றி எழுதப் பேனாவைத் திறந்து ஆசிப்பைத் தேடினார். ஆசிப் மேசைக்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

ஆஃப்ரா வேணியிடம் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கணினிக்குப் போனாள். அங்கேயும் நஜீமுதீனின் கமாண்டைப் போட்டிருந்தார்கள். அவள் செயலிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கணிப்பான் கறுப்பு. கடிகாரம் கறுப்பு. எழுத்துச் செயலி, ஓவியச் செயலி, நட்சத்திர வரைபடம், இந்த மூன்றும் வெள்ளை.

"மாமா, இந்த மூணு மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது?"

"அதெல்லாம் சாண்ட்பாக்ஸ் ஆப்பு. பெரிய சப்ஜெக்ட்டு. உனக்குப் புரியாதும்மா."

"சின்னதா சொல்லுங்க மாமா."

தலைமையாசிரியரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் சொல்ல வேண்டியதாயிற்று.

"இந்த மூணையும் தனித்தனிப் பெட்டிக்குள்ள வெச்சு மூடியிருக்கு. உள்ள இருக்கறது வெளிய வந்து எதையும் கெடுக்க முடியாது. நாம அனுமதி கொடுக்காம வெளிய இருக்கறதைப் பாக்கவும் முடியாது. ஒரு பாதுகாப்பு."

"கறுப்பா மாறணும்னு நீங்க எங்க சொன்னீங்க?"

"சிஸ்டத்துலதான்."

"அது பெட்டிக்கு வெளியதானே?"

"வெளியதான்."

"அப்ப உள்ள இருக்கறதுக்கு யாரு சொன்னா?"

நஜீமுதீன் மடித்த சட்டைக் கையை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரிதான் மாமா இதுவும்," என்றாள் ஆஃப்ரா. "பள்ளிவாசல்ல ஆம்பளைங்க கிட்ட சொன்னா மட்டும் அம்மா கெளம்ப மாட்டாங்க. பொம்பளைங்க வூட்டுக்குள்ள வந்து தனியா அழைக்கணும். அப்பதான் பொடவையே எடுப்பாங்க."

நஜீமுதீனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. போன மாதம் அவர் மகள் மர்ஜியாவின் கல்யாணத்துக்கு, வீடு வீடாகப் போவது பழைய முறை என்று சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தியைத்தான் அனுப்பியிருந்தார். அதுவும் ஆண்கள் குழுவில். பெண்கள் பந்தியில் பாதி இலை காலி. மிஞ்சிய இரண்டு பெரிய தேக்சாப் பாத்திரம் பிரியாணியை மறுநாள் தெரு முழுக்கக் கொடுத்தார்கள். ஆஃப்ராவின் வீட்டுக்கும் ஒரு தூக்கு வந்தது.

அவர் மெல்ல நாற்காலியை நகர்த்தி, வேணியின் கணினிக்கு முன்னால் ஆஃப்ராவுக்கு இடம் விட்டார்.

"அனுமதின்னு ஒரு பட்டியல் இருக்கும் பாரு. எழுத்துச் செயலிக்கு நேரா அமுக்கு."

பட்டியல் திறந்தது. அந்தச் செயலி எதையெதையெல்லாம் பார்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நேரே 'இல்லை' என்றே இருந்தது.

"நிறம் பத்துன அமைப்பெல்லாம் எந்தக் கோப்புறையில மாமா இருக்கு?"

அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெயரை ஆஃப்ரா சேர்த்தாள். 'படிக்க மட்டும்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதிலும் குறியிட்டாள்.

"இது எதுக்கு?" என்றார் ராசாங்கம்.

"பாத்துக்கலாம் சார், தொடக் கூடாது."

எல்லோரும் எழுத்துச் செயலியைப் பார்த்தார்கள். அது அப்படியே வெள்ளையாக இருந்தது. மணி இரண்டு நாற்பத்திரண்டு.

"நான்தான் சொன்னேனே, லோ வோல்டேஜ்" என்று நஜீமுதீன் ஆரம்பித்தார்.

ஆஃப்ரா யோசித்தாள். "நாம சேதி சொல்றதுக்கு முன்னாடியே இதைத் தொறந்து வெச்சுட்டோம் மாமா. ஒரு தடவை மூடிட்டுத் தொறந்து பாப்போம்."

மூடினாள். திறந்தாள்.

செயலி கறுத்திருந்தது. தாளும் கறுப்பு, ஓரமும் கறுப்பு. வேணி கையை நீட்டி 'அ' என்று தட்டினாள். எழுத்து வெள்ளையாக வந்தது. அவள் கண் சிமிட்டாமல் அதையே பார்த்தாள்.

மேசைக்கு அடியிலிருந்து ஆசிப் வெளியே வந்தான்.

"அடிப்படைக் கோளாறைக் கண்டுபுடிச்சாச்சு சார்," என்றார் நஜீமுதீன். "இந்த மாதிரி கேஸ் ஷார்ஜாவுல நான் நூறு பாத்திருக்கேன்."

"அங்க யாரு பாய் சரி பண்ணுவாங்க?" என்றார் தலைமையாசிரியர்.

நஜீமுதீன் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடித்ததாக யாருக்கும் கேட்கவில்லை.

மூன்று மணிக்குத் தலைப்பு வந்தது. வேணியின் விரல்கள் ஓடத் தொடங்கின. ஆஃப்ரா வாசலில் நின்று, உள்ளே வந்து வாழ்த்துச் சொல்ல விரும்பியவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினாள். நஜீமுதீனை மட்டும் இரண்டு முறை அனுப்ப வேண்டியிருந்தது.

மூன்று இருபத்தெட்டுக்கு வேணி 'அனுப்பு' என்பதை அழுத்திவிட்டு வெளியே வந்தாள். கைக்குட்டை மடித்தபடியே அவள் கையில் இருந்தது.

"கதை எப்படி வந்துருக்கு?" என்று ஆஃப்ரா கேட்டாள்.

"முடிவுல கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்," என்றாள் வேணி. "ஆனா மொத தடவையா அழாம எழுதுனேன்."